மூழ்காத தையல்நாயகி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நிலானி தொலைபேசியில் என்னோடு வெகுநேரம் பேசினாள். மண்டபம், சமையல்காரர், கூறைச்சேலையின் நிறம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "அத்த, கல்யாணத்தன்னைக்கு நீங்க மேடையில அந்தக் கப்பல் கதையச் சொல்லணும். எங்க ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. தையல்நாயகியில தப்பிப் பொழச்சவரோட குடும்பத்துக்குத்தான் மருமகளா போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." பூண்டுலோயாவில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, அங்கே "தோட்டத்துப் புள்ளை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தலை குனிந்து பழகியவள் அவள். அந்தக் குரலில் இருந்த பெருமை என்னை என்ன செய்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பார்ப்போம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் உலை கொதித்து வற்றியது. அரிசி போட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீ அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்கு உண்மை தெரியும். என் முகத்துக்கு நேரே சொன்னவனும் நீதான். அதற்கு நான் சொன்ன பதிலையும் வாங்கிக்கொண்டு கப்பல் வேலைக்குப் போனவன், கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை. நீ விட்டுக்கொடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் பொய்யை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு உண்மையை மகனின் காதுக்குள் சொல்வது நியாயமாகப் படவில்லை. அதனால் நம்ம பக்கத்துப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். உன் பெயரை இதில் எழுதவில்லை.

நான் வட்டகொடையில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். என் அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தார். அவர் அதிகம் பேசாதவர். எங்கள் குடும்பம் இந்த மலைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அவரிடம் இரண்டு வாக்கியங்கள்தான் இருந்தன. "ஒங்க பூட்டன் சின்னக்கருப்பன் தையல்நாயகின்னு ஒரு பாய்க்கப்பல்ல வந்தாரு. தூத்துக்குடியில ஏறி கொழும்புல எறங்குறவரைக்கும் வாந்தி." நான் விடாமல் "அப்புறம்?" என்பேன். "அப்புறம் என்னா? எறங்கி தோட்டத்துக்கு வந்தாரு." அவ்வளவுதான். எங்கள் லயத்தில், ஒரே வரிசையாக இருந்த மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் ஏதாவது ஒன்று இருந்தது. ஒருத்தியின் பாட்டன் காட்டுவழியில் நடந்து வரும்போது சிறுத்தையைப் பார்த்தவர். இன்னொருத்தியின் பாட்டன் வெள்ளிப் பூண் போட்ட தடியோடு வந்த பெரிய கங்காணி. எங்கள் பூட்டன் வாந்தி எடுத்தவர். அதை நினைத்து நான் சின்ன வயதிலேயே கூசியிருக்கிறேன்.

நீ சின்னப் பள்ளியில் படிக்கும்போது 'எங்கள் மூதாதையர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ என் அப்பாவிடம் போய்க் கேட்டாய். "எங்கள் பூட்டன் கப்பலில் வந்தார். அவருக்கு வாந்தி வந்தது" என்று எழுதிக்கொண்டு போனாய். வகுப்பே சிரித்ததாம். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய். உனக்கு அது வேடிக்கை. எனக்கோ முகம் சுருங்கிவிட்டது. "எழுதறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?" என்று உன்னைத் திட்டினேன். வேறு ஒன்றும் கிடையாது என்பது எனக்கே தெரியும்.

பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்து, தாய்மார் கொழுந்தெடுத்துத் திரும்பும் வரை அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்தே என் பாதி ஆயுசு போனது. உன் அப்பா தவறிய பிறகு, ஹட்டன் பக்கத்தில் மூடிக் கிடந்த பழைய ஸ்டோரை ஒரு முதலாளி வாங்கி, சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் இடமாக மாற்றினார். "ஒங்களுக்குத் தமிழ், சிங்களம், இங்கிலீசு மூணு பாசையும் வருது, தைரியமா பேசுறீங்க" என்று என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். வருகிறவர்களுக்கு இயந்திரங்களைக் காட்டி, இங்கே கொழுந்தை உருட்டினார்கள், இங்கே சலித்தார்கள் என்று விளக்க வேண்டும். அவர்கள் இயந்திரத்தைப் பார்த்தார்கள், கைபேசியைப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஹட்டனில் ஒரு கூட்டம் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வாளர், தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் நம்ம ஆட்களை ஏற்றி வந்த பாய்க்கப்பல்களைப் பற்றிப் பேசினார். கரைக்குப் பக்கத்தில் புயலில் சிக்கி, ஏறியவர்கள் அத்தனை பேரோடும் மூழ்கிப்போன ஒரு கப்பலைச் சொன்னார். அதன் பெயர் தையல்நாயகி. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எங்கள் கப்பல், இத்தனை நாளும் அப்பா சொல்லாமல் விட்டது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி, அந்த நிமிடத்தில் நான் பொய் சொல்லவில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் கப்பலும் ஒன்றுதான் என்று உண்மையாகவே நம்பினேன். எங்கள் பூட்டன் உயிரோடு வந்தவர் என்பதால், அவர் தப்பிப் பிழைத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்தேன்.

மறுநாள் வந்தவர்களிடம், "என் பூட்டன் அந்தக் கப்பலில் வந்து தப்பியவர்" என்றேன். கைபேசிகள் கீழே இறங்கின. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் என்னை, நான் சொல்வதற்காக, அப்படிப் பார்த்தார். அடுத்த வாரம் பூட்டனுக்கு ஒரு பலகை கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். அதற்கடுத்து ஒரு பெண் வந்தாள். அலைக்குள் மூழ்கிக்கொண்டே தன் கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பூட்டன் நீந்திப் போய்க் குழந்தையை வாங்கினார். கரை சேரும்போது குழந்தைக்கு உயிர் இல்லை. இந்தப் பெண்ணை நான் எங்கேயிருந்து எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஓடை பெருகி ஓடும்போது, பிள்ளைமடுவத்துக்கு வருகிற தாய்மார் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கடந்து வருவார்கள். நான் இக்கரையில் நின்று வாங்குவேன். அந்தக் கைகளைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடலில் போட்டேன்.

பிறகு நீ விடுமுறையில் வந்தாய். எனக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கி வந்தாய். ஸ்டோருக்கும் வந்து, சுற்றுலாக்காரர்களுக்குப் பின்னால் நின்று நான் சொல்வதை முழுக்கக் கேட்டாய்.  வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாய்.

"அம்மா, பூட்டன் வந்தது தேயிலத் தோட்டத்துக்குத்தானே?"

"ஆமா."

"அந்தக் கப்பல் முங்குனது கோப்பிக் காலத்துல. அப்ப பூட்டன் பொறந்தே இருக்க மாட்டாரே. ரெண்டும் எப்பிடிம்மா ஒரே கப்பலா இருக்கும்?"

நான் கோப்பையைக் கழுவினேன். நீ விளக்கிச் சொன்னாய். கப்பலுக்குச் சாமி பெயர் வைப்பார்கள், ஒன்று போனால் அடுத்த கப்பலுக்கும் அதையே வைப்பார்கள், வேறு ஊர்க்காரரும் வைப்பார்கள் என்றாய். "எங்க கம்பெனியிலயே இப்ப நான் போற கப்பலுக்கு முன்னாடி அதே பேர்ல வேற கப்பல் ஓடியிருக்கு. தாத்தா சொன்னது பொய்யில்லம்மா. அவரு சொன்ன தையல்நாயகி வேற, நீங்க சொல்ற தையல்நாயகி வேற."

நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. என்னை வெட்கப்படுத்தாமல் சொல்ல எத்தனை பாடுபட்டாய் என்பது இப்போது தெரிகிறது. நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். "கடலுக்குப் போயிட்டா எல்லாம் தெரிஞ்சவனாயிருவியா? ஒங்க அப்பா இருந்திருந்தா பெத்தவளப் பாத்து இப்பிடிப் பேச விட்டிருப்பாரா?" என்றேன். உன் அப்பா உண்மையைப் பட்டென்று பேசுகிற மனிதர் என்பது நம் இருவருக்கும் தெரியும். இருந்திருந்தால் உன் பக்கம்தான் நின்றிருப்பார். செத்தவரால் மறுத்துப் பேச முடியாது என்பதால் அவரை இழுத்தேன். மறுநாள் காலையில் நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அதற்குப் பிறகு எடுக்கும் அழைப்பில் எல்லாம், "மருந்து சாப்பிட்டீங்களா, பனி எப்பிடி" என்பதைத் தாண்டி நீ பேசியதில்லை. நாளைக்கு நிலானி உனக்குப் பிடிக்காத உண்மை ஒன்றைச் சொல்லுவாள். கல்யாணம் என்றால் அது நடக்காமல் இருக்காது. அப்போது என்னைப் போல, அங்கே இல்லாத ஒருவரைத் துணைக்கு இழுக்காதே. வாசலுக்குப் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்து, "சரி, சொல்லு" என்று உட்கார்.

நீ போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. நீ சொன்னது தப்பாக இருக்க வேண்டுமே என்று ஆசைப்பட்டேன். அந்த ஆய்வாளர் ஒருநாள் ஸ்டோரைப் பார்க்க வந்தபோது, வேறு யாரோ கேட்டதாகச் சொல்லித் தையல்நாயகியைப் பற்றிக் கேட்டேன். அவர் உற்சாகமாகச் சொன்னார். "அந்தப் பேர்ல கப்பல் ஒண்ணு ரெண்டு இல்லைங்க. கோப்பிக் காலத்துல மூழ்கினது ஒண்ணு. பிறகு தேயிலை வந்த நாள்ல தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடினது இன்னொண்ணு. வடக்கே உப்பும் கூரை ஓடும் ஏத்திக்கிட்டு ஒரு தையல்நாயகி ஓடியிருக்கு." "அந்த ரெண்டாவது கப்பல் என்னாச்சுங்க?" என்றேன். "அதுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. பழசாகி, பலகை பலகையா பிரிச்சு வித்துட்டாங்க" என்று சிரித்தார். அவர் பிறகு மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். என் கதையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆக, அன்றிலிருந்து நான் தெரிந்தே சொன்னேன். இனிச் சொல்லக் கூடாது என்றுதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவேன். ஆட்கள் வந்து முகத்தைப் பார்த்து நிற்பார்கள். வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அந்த நாட்களில்தான் ராமையா அண்ணன் வந்தார். கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிறவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். தூறலில் நனைந்த தலையைத் துவட்டக்கூடச் செய்யாமல், தூணில் கை வைத்து நின்று கேட்டார். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு என் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, எங்க ஆளுங்களும் அந்தக் கப்பல்லதான் வந்தாங்க. எங்க தாத்தாவோட அப்பா அப்ப சின்னப் புள்ள, அவருக்குக் காச்சல். அதனால அவர மட்டும் ஊர்ல மாமன் வீட்டுல விட்டுட்டு, அவரோட அம்மா கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஏறியிருக்கு. பொம்பளப் புள்ள. கப்பல் வந்து சேரலைன்னு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும். வேற ஒண்ணுந் தெரியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்ன அந்தப் பொம்பள, புள்ளயத் தூக்கிப் புடிச்சது... பேரு ஏதாச்சும் சொன்னாராமா ஒங்க பூட்டன்? வெள்ளையம்மான்னு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் முகம் அப்படி ஏங்கிப்போய் இருந்தது. அது இரக்கம் என்று நான் அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன். "ஆமாண்ணே, வெள்ளையம்மான்னுதான் சொன்னதா எங்க அப்பா சொல்லுவாரு" என்றேன். அவர் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகளை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு குழு அமைத்து, கப்பலில் செத்தவர்களுக்கு ஸ்டோர் வாசலில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் ஒருவர் முன்னின்று நடத்தினார். கல்லில் கப்பலின் பெயரும், அதற்குக் கீழே "உயிர் தப்பிய சின்னக்கருப்பனின் குடும்பத்தாரால் திறந்து வைக்கப்பட்டது" என்றும் வெட்டினார்கள். செத்தவர்களின் பெயர்களை, கிடைக்கவில்லை என்று சொல்லி, வெட்டவில்லை. வெள்ளையம்மா என்ற பெயர் எனக்குத் தெரியும். அதைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் யார் எவர் என்று விசாரிப்பார்களே, நம் கதை கிளறப்படுமே என்று வாயை மூடிக்கொண்டேன். திறப்பு விழாவில் என்னை முன்னால் கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னார்கள். ராமையா அண்ணன் பிள்ளைகள், மருமக்கள், சம்பந்தி வீட்டார் எல்லோரையும் வேன் பிடித்துக் கூட்டி வந்து கடைசியில் நின்றார். நான் ஒலிபெருக்கியில் கதையைச் சொல்லி, கல்லில் வெட்டக் கொடுக்காத வெள்ளையம்மாவின் பெயரை, அவரைக் கண்டதும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் வாய்விட்டு அழுதது மேடை வரை கேட்டது. அந்த அழுகையைக் கேட்டபோது, நான் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி வந்தது, தம்பி. இதை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கும் அர்த்தம் இல்லை. அன்று எடுத்த படத்தைத்தான் நிலானி பார்த்திருக்கிறாள்.

கொஞ்ச நாள் கழித்து ராமையா அண்ணன் ஒரு பை நிறைய கரட்டும் லீக்ஸும் கொண்டுவந்தார். தின்பதற்கு ஏதாவது கொடுத்தேன், வேண்டாம் என்றார். அவர் கேட்க வந்தது வேறு.

"தங்கச்சி, ஆடி மாசம் எங்க வீட்டுல வெள்ளையம்மா பாட்டிக்குப் படையல் போடுவோம். இந்த வருசம் ஒங்க சின்னக்கருப்பன் தாத்தாவுக்கும் ஒரு இல போடலாம்னு இருக்கோம். எங்க புள்ளய கையில வாங்குன மனுசன் இல்லையா? அவருக்கு என்னா பலகாரம் புடிக்கும்?"

என் பூட்டனுக்கு என்ன பிடிக்கும் என்று அதுவரை உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நான் உட்பட. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த வாந்தி ஒன்றுதான். "கேட்டுச் சொல்றேண்ணே" என்றேன். யாரிடம் போய்க் கேட்பது? அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். இன்னொரு குடும்பம் தன் சாமிக்குப் பக்கத்தில் என் பொய்யை உட்கார வைக்கப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் அதிபரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். "இப்ப எதுக்கும்மா இது? நம்ம சனத்துக்கு இருக்கிறதே இந்த ஒரு கல்லு. அதுலயும் கோளாறுன்னு நாமளே சொன்னா மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா? ஒங்க பூட்டனும் கஷ்டப்பட்டுத்தானே வந்தாரு. விட்டுருங்க." அவர் கெட்டவர் இல்லை. அவர் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. படியிறங்கி பஸ் நிலையம் வரும்வரை அந்த எண்ணத்தில்தான் வந்தேன். வீட்டுக்குப் போக ஹட்டன் பஸ்ஸைத் தேடியவள், நுவரெலியா பஸ் நிற்பதைப் பார்த்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். தைரியத்தில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய்த் தனியாக உட்காரப் பயமாக இருந்தது.

நுவரெலியாவில் மாறிக் கந்தப்பளை போய்ச் சேர்ந்தபோது ராமையா அண்ணன் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சிரித்த முகமாகக் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். ஒரே பெயரில் வேறு வேறு கப்பல்கள் ஓடியதையும், என் பூட்டன் வந்தது மூழ்காத கப்பலில் என்பதையும், பலகையும் குழந்தையும் நானே கட்டியது என்பதையும் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

"அப்ப... எங்க பாட்டி புள்ளயத் தூக்கலையா?"

"தெரியாதுண்ணே. யாருக்கும் தெரியாது."

"பேரு சொன்னீங்களே?"

 அவரே கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். "பேர நான்தான் சொன்னேன். நான் சொன்னதத்தான் நீங்க எனக்கே திருப்பிச் சொன்னீங்க."

அவர் மனைவி கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட அவள் பேசவில்லை. "முன்னெல்லாம் சோத்த வச்சுக் கும்புட்டுட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவோம். இப்ப கண்ண மூடுனா அந்தக் கை தெரியுது. தண்ணிக்கு மேல அந்தப் புள்ள தெரியுது. என் பேத்தி கனாக் கண்டு அழுவுறா. இத இனி எப்பிடிங்க அழிக்கிறது?"

  நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். நம்மவர்கள் எந்தக் கோபத்திலும், எப்பேர்ப்பட்ட ஆளையும், "போயிட்டு வாங்க" என்றுதான் வழியனுப்புவார்கள். ராமையா அண்ணன் "போங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் முதலாளியிடம் உள்ளதைச் சொல்லி, கல்லில் எங்கள் வரியை வெட்டியெடுக்க அனுமதி கேட்டேன். அவர், "ஒங்க பேர எடுக்கணும்னு நீங்களே சொல்றப்ப நான் என்னா தடுக்கிறது" என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அதிபர் இன்று வரை என்னோடு பேசுவதில்லை. கொத்தனார் அந்த வரியைக் கொத்தி எடுத்தபோது, எழுத்து இருந்த இடம் முழுக்கப் பள்ளமாகிவிட்டது. ராமையா அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து, "அந்த எடத்துல வெள்ளையம்மா பேர வெட்டச் சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டேன். 

"ஒங்க பேர அழிச்ச பள்ளத்துல எங்க பேரு வேணாம்" என்றார். பிறகு, "கல்லுக்கு மேப்பக்கம் எடம் இருக்கா?" என்றார்.

இருந்தது. அவரே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கப்பலின் பெயருக்கு மேலே "வெள்ளையம்மாள், அவர் பெண் குழந்தை" என்று வெட்ட வைத்தார். நான் உள்ளே, சலிக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஸ்டோர் பக்கம் திரும்பவே இல்லை. வேலை முடிந்ததும் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

இப்போதும் வேலைக்குப் போகிறேன். கல்லில் பள்ளம் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். சிலர் பாதியிலேயே நகர்ந்துவிடுகிறார்கள். பழகிக்கொண்டு வருகிறேன்.

நிலானியிடம் இதைப் படிக்கக் கொடு. அவளுடைய அலுவலகத்து ஆட்களுக்கு முன்னால் அவளுக்குத் தலைகுனிவு வரும். அதற்கும் நானே காரணம். கல்யாணத்துக்கு நான் வருவது அவளுக்குச் சங்கடமாக இருந்தால் தயங்காமல் சொல், நான் பிறகு ஒருநாள் வந்து உங்களைப் பார்க்கிறேன். அவள் இன்னமும் என்னை மேடைக்குக் கூப்பிட்டால் ஏறுவேன். நீ சின்னப் பள்ளியில் எழுதியதைத்தான் சொல்லுவேன். எங்கள் சின்னக்கருப்பன் தூத்துக்குடியில் தையல்நாயகி என்ற பாய்க்கப்பலில் ஏறினார், வழியெல்லாம் வாந்தி எடுத்தார், கொழும்பில் இறங்கினார், மலைக்கு வந்து வேலை செய்தார், பிள்ளைகளைப் பெற்றார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீயும் அன்று போலச் சிரி. அந்தக் கப்பலில் ஏறிய எல்லோரும் இறங்கினார்கள், தம்பி. ஒருவரும் சாகவில்லை. அது போதாது என்று நினைத்தவள் உன் அம்மா.